சிவப்புப் பூ வந்திருந்தால்? குழந்தையின் சிகிச்சையும் நம் நம்பிக்கையும்

கேள்வி
எழுதியவர்: லால்குடி அம்மா

என் மகனுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது உறுதியானது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகைதான் என்றும், இடையில் விடாமல் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள் என்றும், ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்து அவர் ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது நானும் என் கணவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம்.

அன்று மாலை குலதெய்வக் கோயிலில் பூ வாக்குக் கேட்டோம். என் மாமியார் ஒரே அளவாகக் கிழித்த இரண்டு வாழையிலைத் துண்டுகளில், ஒன்றில் நந்தியாவட்டையும் மற்றொன்றில் செவ்வரளியும் வைத்து மடித்து, நாரால் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது என்பது கணக்கு. வெள்ளைப் பூ வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் திருச்சிக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்திட்டோம்.

கடுமையான மாதங்கள் கடந்து, இப்போது மெயின்டனன்ஸ் எனப்படும் கட்டத்தில் இருக்கிறான். தினமும் இரவில் ஒரு மாத்திரை, வாரத்தில் ஒரு நாள் இன்னொரு மாத்திரை, மாதம் ஒருமுறை ஊசி. பள்ளிக்குக்கூடப் போகத் தொடங்கியிருந்தான். மாசியில் என் கொழுந்தனாரின் மகளுக்கு அம்மை போட்டது. ஒரே வாசலைப் பகிரும் இரண்டு வீடுகள் எங்களுடையவை. முந்தைய நாள் வரை இருவரும் ஒரே பாயில் விளையாடியவர்கள். அதை அன்றே மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பதினான்காம் நாள் குளிப்பாட்டும்போது மகனின் வயிற்றில் இரண்டு முத்துகளைப் பார்த்தேன்.

மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினார். ஆத்தா வந்திருக்கிறாள், அவள் இறங்கும்வரை ஊசியும் மாத்திரையும் கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கல்நெஞ்சம் கொண்டவர் அல்லர். என் மகனுக்கு முதுகில் ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் வார்டு வராந்தாவில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தவர் அவர்தான். என் கணவர் எதுவும் பேசாமல் நின்றார். நான் இரவோடு இரவாக மகனைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பத்து நாள்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். தாமதித்திருந்தால் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.

ஆத்தாவை அவமதித்துவிட்டோம் என்ற எண்ணம் மாமியாரை விட்டு இன்னும் போகவில்லை. பரிகாரமாகச் சித்திரையில் சமயபுரத்தில் அவனுக்கு மொட்டை போட வேண்டும், அதுவரை அவன் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருக்க வேண்டும் என்கிறார்.

நான் சாமி கும்பிடுகிறவள்தான். இங்கே கேட்க வந்தது மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டுமன்று. ஆத்தாவின் பேச்சை மீறி ஆட்டோ ஏறிய நான்தான், முதல் நாள் அவளிடம் பூக்கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டவள். அன்று சிவப்புப் பூ வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இதற்கு நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. இரவில் தூங்க முடியவில்லை. பிள்ளையின் உயிர் தொடர்பான முடிவில் தெய்வத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: தஞ்சை மருந்தாளுநர்

அம்மா, நான் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவன், மருத்துவன் அல்லன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் தினமும் இரவில் விழுங்குவது மெர்காப்டோபியூரின் மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும். பத்து நாள்கள் ஏற்றியது அசைக்ளோவிர். இரண்டும் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார் பணியாற்றிய ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. பதினைந்து வயதில், தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறப்பதைப் பார்த்த பிறகே அவர் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். முதல் மருந்து 1950களில் பயன்பாட்டுக்கு வந்தது, இரண்டாவது 1980களில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மாமியாருடைய மாமியாரின் காலத்தில் அம்மைக்குக் கொடுப்பதற்கு மருந்து என்று எதுவுமே இருக்கவில்லை. தனி அறை, வேப்பிலைப் படுக்கை, இளநீர், கூழ், வெளியார் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவைதான் அன்று ஒரு வீட்டால் செய்ய முடிந்த அதிகபட்சச் சிகிச்சை. அதில் பாதி இன்றைக்கும் நல்ல சிகிச்சையே. மருந்து கூடாது என்ற விதி, மருந்தே இல்லாத காலத்தில் உண்டானது. உடல்நலமுள்ள பிள்ளைகளுக்குச் சின்னம்மை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால், அந்த விதி பொய்த்துப்போவதை யாரும் பார்க்கவில்லை. கீமோ மருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் பிள்ளைக்கு அப்படியன்று.

இன்னும் சில காரியங்கள். உங்கள் மகனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியை இப்போது போட முடியாது, அது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்வது. ஆனால் சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் அவர்கள் வழியாக இவனுக்கு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அது அரசின் இலவச அட்டவணையில் இல்லை என்பதால் பலருக்கும் நினைவில் வருவதில்லை. அடுத்து, திருநீறு நெற்றியில் இருக்கட்டும், வாயில் வேண்டாம். தீர்த்தம் காய்ச்சாத நீர். நாட்டு மருந்து, கஷாயம், 'கல்லீரலுக்கு நல்லது' என்று யாரேனும் தரும் சூரணம் எதுவாயினும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அவன் எடுக்கும் இரண்டு மாத்திரைகளுமே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. என் அனுபவத்தில், இவற்றைக் கொடுப்பதைவிட மறைத்துக் கொடுப்பதுதான் அதிகத் தீங்கு செய்திருக்கிறது. விரதம் வேண்டாம் என்பதை மருத்துவரே உங்கள் மாமியாரிடம் நேரில் சொல்லும்படி கேளுங்கள். நீங்கள் சொன்னால் அது மருமகள் பேச்சாகிவிடும்.


பதில் 2
எழுதியவர்: கருப்புச்சட்டை

மன வேதனையில் இருப்பவரிடம் கடுமையாகப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மகன் சிகிச்சை பெறுவதா இல்லையா என்பது அன்று மாலை இரண்டு இலைப் பொட்டலங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கொடுத்த சிறுமிக்குத் தான் எதை எடுக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. நாணயத்தைச் சுண்டிவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவரைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்?

பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டுப் போனது. அதை அனுப்பிவைத்தவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகத் தடுப்பூசியோடு போன ஊழியர்கள். அதற்காக ஆத்தா யார்மீதும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சமயபுரத்தில் கூட்டமும் குறையவில்லை. இந்த ஒன்றை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், அவர் காவி உடுத்தியிருந்தாலும் வெள்ளை உடுத்தியிருந்தாலும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஆட்டோ ஏறிய இரவில் யாரிடமும் பூக்கேட்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


பதில் 3
எழுதியவர்: மேலூர் அப்பா

எங்களுக்குச் சிவப்புப் பூதான் வந்தது. மகளுக்கு இதயத்தில் ஓட்டை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. என் அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'நேரம் சரியில்லை, இராகுகாலம் முடியட்டும்' என்றார். இராகுகாலம் முடிந்து மறுபடி போட்டோம். மறுபடியும் சிவப்பு. பூசாரி, கேள்வியைத் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றார். 'செய்யலாமா' என்று கேட்கக்கூடாதாம், 'செய்தால் துணை இருப்பாயா' என்று கேட்க வேண்டுமாம். மூன்றாம் முறை வெள்ளை வந்தது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

கருப்புச்சட்டை ஐயா சிரிக்கலாம். எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட முதல் சிவப்பைக் கண்டு அறுவைச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று வாய் திறக்கவில்லை. நீங்களும் மறுபடி கேட்டிருப்பீர்கள், அம்மா.


பதில் 4
எழுதியவர்: குமரிக்காரன்

மேலூர் அப்பாவின் பதில் என்னையும் சிரிக்கவைத்தது; ஆனால் மறுபடி கேட்க இடமே கொடுக்காத நம்பிக்கைக்குள் வளர்ந்தவன் நான் என்பதால், வேறொரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் சேர்ந்திருந்த சபையில் மருந்து எடுப்பது அவிசுவாசம். தலைவலி மாத்திரை வாங்கியவர்கூட அடுத்த ஞாயிறு கண்ணீரோடு அறிக்கை செய்வார். என் தங்கைக்கு ஒன்பது வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. சபைக்கு வெளியே இருந்த சித்தப்பாவின் பிடிவாதத்தால் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தோம். ஓர் உபவாசக் கூட்டத்தில், ஊசியை விட்டுவிட்டால் விசுவாசத்தின்படியே ஆகும் என்று போதகர் என் தந்தையிடம் சொன்னார். அன்றிரவு அப்பா குளிர்பதனப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துத் தென்னை மரத்தடியில் கொட்டியது எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. மறுநாள் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். அதற்கு அடுத்த நாள் வாந்தி, நெஞ்சு ஏறி இறங்கும் வேகமான மூச்சு, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. சபையினர் கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டு உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். சித்தப்பா உள்ளே வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டாள். வீடு திரும்பிய அந்த ஞாயிறே, ஜெபத்தால் உயிர் பிழைத்ததாக அவளைச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கோளாறு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர்தான் அமெரிக்காவின் ரீட்டா ஸ்வானைப் பற்றிப் படித்தேன். கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற சபையைச் சேர்ந்த அவரும் கணவரும் மருத்துவரிடம் போகாமல் ஜெப வைத்தியரை நம்பியிருந்ததில், பதினாறு மாத மகனை 1977இல் மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்கள். அந்தத் தாய் சபையை விட்டு வெளியேறி, சேத் ஆசர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, 1975 முதல் 1995 வரை மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். அவர்களில் 140 பேருக்கு வந்திருந்தவை, மருத்துவம் கிடைத்திருந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

சகோதரி, உங்கள் பூவையும் எங்கள் சபையையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்பதே பாவமாக இருந்தது. நீங்கள் கேட்கிறீர்கள், ஆட்டோ ஏறியிருக்கிறீர்கள். ஆனாலும் 'மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மாத்திரை கூடாது' என்ற சொல்லைப் படித்தபோது அந்தத் தென்னை மரத்தடிதான் நினைவுக்கு வந்தது. வேப்பிலை வைக்கச் சொல்வதும் கூழ் காய்ச்சச் சொல்வதும் ஒன்று. மாத்திரையை நிறுத்தச் சொல்வது முற்றிலும் வேறு. என் தந்தைக்கு அந்த இரண்டுக்கும் இடையில் கோடு போடத் தெரியவில்லை. அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. தங்கைக்கு இப்போது முப்பத்தொரு வயது; நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்கிறாள், ஞாயிறு தவறாமல் வேறொரு கோயிலுக்கும் போகிறாள்.


பதில் 5
எழுதியவர்: பழைய செவிலி

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அங்கே நம்பிக்கை இல்லாத பெற்றோரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஒரு கட்டிலின் தலைமாட்டில் வேளாங்கண்ணி மாதா படம், அடுத்த கட்டிலில் நாகூர்க் கயிறு, அதற்கடுத்த கட்டிலில் சமயபுரத்துக் குங்குமம். ஊசிக் குழாய் செருக வேண்டிய கையில் கயிறு இருந்தால் அதை அறுக்காமல் அவிழ்த்து மறு கையில் கட்டிவிடுவேன். ஸ்கேனுக்குப் போகும்போது தாயத்தைக் கழற்றித் தாயின் முந்தானையில் முடிந்துவிடச் சொல்வேன். கயிற்றை அறுத்த வார்டுகளில்தான் பெற்றோர் எதையும் சொல்லாமல் மறைப்பார்கள்.

குடந்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா, பேரனுக்கு முதுகில் ஊசி போடும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று குலசேகர ஆழ்வாரின் பாசுரம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். கத்தியால் அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவன் மீது நோயாளிக்கு அன்பு குறையாததைப் போல, நீ எவ்வளவு துயரம் தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்று பெருமாளிடம் சொல்லும் பாசுரம். அதில் கடவுளுக்கே மருத்துவன்தான் உவமை. ஊசியும் சாமியும் ஒன்றுக்கொன்று பகை என்று அந்த மனிதரிடம் யார் சொன்னாலும் அவருக்கு விளங்கியிருக்காது.

'பாரத்தை ஆண்டவன்மேல் போட்டுவிட்டோம்' என்று பெற்றோர் சொன்னால் நான் உடனே நிம்மதி அடைய மாட்டேன். கையெழுத்திட்ட பிறகு சொன்னால், இனி வருவதைத் தாங்கிக்கொள்வோம் என்று பொருள். சிகிச்சையின் நடுவில், இரண்டாம் மாதம், தலைமுடி கொட்டி, கையிருப்பும் தீர்ந்த நிலையில் சொன்னால், வீட்டுக்குப் போய்விடப் போகிறோம் என்று பொருள். அப்போது சாமியைப் பற்றிப் பேசாமல், பேருந்துக் கட்டணத்தையும், வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பற்றித்தான் விசாரிப்பேன். பல நேரங்களில் கடவுளின் பெயரால் சொல்லப்பட்டது வறுமையாக இருந்தது.

நோய் திரும்பி வந்து, குணமாக்கும் வழி தீர்ந்துவிட்ட பிறகு இதே நம்பிக்கை எதிர்ப்பக்கமாக இழுக்கும். எதையும் நிறுத்தாதீர்கள், அதிசயம் நடக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் அதிசயம் நடக்காது என்று வாதிடும் மருத்துவர் தோற்றுப்போவார். எங்கள் மூத்த மருத்துவர் வேறுவிதமாகக் கேட்பார்: 'நீங்கள் வேண்டிக்கொண்டே இருங்கள், அதற்கிடையில் இன்றிரவு அவளுக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டுமா?' அதற்கு வேண்டாம் என்று சொன்ன பெற்றோரை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு நான் எழுத வந்தது வேறொன்று. நோய் திரும்பி வந்த பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, இரவு இரண்டு மணிக்கு நான் மருந்துப் பையை மாற்றும்போது, அம்மா வேண்டிக்கொண்டது நடக்கவில்லை என்றால் அது தன் தப்பா என்று கேட்டாள். அவள் அசைவம் கேட்டு அழுத ஒரு நாளில் விரதம் கெட்டுவிட்டதாக வீட்டில் யாரோ பேசியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள். பரிகாரம் என்ற சொல் உங்கள் மகன் காதில் விழ வேண்டாம், அம்மா. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பரிகாரம் என்றால், தான் ஏதோ குற்றம் செய்திருக்கிறோம் என்றுதான் அர்த்தமாகும்.

விரதத்துக்கு ஒரு வழி உங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. மாசிக் கடைசியிலிருந்து இருபத்தெட்டு நாள்கள் சமயபுரத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்குப் படையல். தன் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவள் இருக்கும் விரதம் அது என்று உங்கள் மாமியாருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைக்காகத் தாய் பட்டினி கிடப்பதுதான் அங்கே வழக்கம் என்று மட்டும் நினைவூட்டிப் பாருங்கள்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: லால்குடி அம்மா

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

போன மாத ஊசிக்கு மாமியாரையும் அழைத்துப்போனேன். மருத்துவரிடம் அவரே பேசினார். விரதம் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள், 'அதை நான் இருந்துகொள்கிறேன், மொட்டைக்கு மட்டும் வழி சொல்லுங்கள்' என்றார். செவிலி அம்மா எழுதியதை நான் சொல்லியிருந்தது உள்ளே போயிருக்கிறது போலிருக்கிறது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சவரக்கத்தி தோலில் கீறினால் கிருமி புகும், இரத்தம் நிற்கவும் தாமதமாகலாம் என்று மருத்துவர் விளக்கினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கத்தரிக்கோலால் பூமுடி எடுக்கலாமா என்று மாமியார் கேட்டார். பூமுடி என்றால் என்ன என்று மருத்துவருக்குத் தெரியவில்லை. மாமியார், மகனின் தலையில் புதிதாக இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கும் முடியில் மூன்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். சொந்தக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், வெள்ளணு எண்ணிக்கை பார்த்துவிட்டு நாள் சொல்கிறேன் என்றார் அவர்.

கொழுந்தனாரின் மகளுக்கு அம்மை வந்து போய்விட்டதால் ஊசி தேவையில்லையாம். அவளுடைய தம்பிக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது.

கருப்புச்சட்டை ஐயா சொன்னதை மாமியாரிடம் அப்படியே சொன்னேன். 'பெரியம்மை போனதும் ஆத்தா உத்தரவில்தான்' என்றார். மேலூர் அப்பா சொன்னதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சிவப்புப் பூவைப் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே படுத்தாலும் இப்போது தூக்கம் வந்துவிடுகிறது.

நேற்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எண்ணிக்கை போதுமான அளவு இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால் புதன்கிழமை நடை திறந்தவுடன் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பலாம் என்றிருக்கிறோம். முகக்கவசம் போட்டுக்கொள்ள மகன் சம்மதித்துவிட்டான். ஆத்தாவுக்கும் ஒன்று வாங்க வேண்டுமா என்று கேட்கிறான்.